கால் இன்ச் ஓட்டை

பென்னிக்கு ஐம்பத்து மூன்று வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் பிட்டர். அவன் போட்ட துளையில் போல்ட் தானே வழி கண்டுபிடித்துப் போய் உட்காரும் என்று, யாரையும் லேசில் பாராட்டாத சூப்பர்வைசர்களே சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட கைக்காரன் வாழ்நாளெல்லாம் மறக்கப் பாடுபட்டதும் ஒரே ஒரு துளையைத்தான்.

அந்தத் துளை அவனுடைய அப்பா பாஸ்டர் அருணாச்சலத்தின் வேதப் புத்தகத்தில் இருக்கிறது. முன்னட்டையில் நுழைந்து பின்னட்டையில் வெளியே வருகிறது. நடுவில் ஒரு பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் பாஸ்டரின் நெஞ்சைக் குறிவைத்து வந்த குண்டை இந்த வேதம் தாங்கியது என்று சபையில் முந்நூறு பேரும் நம்புகிறார்கள். புத்தகத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த குண்டு அதற்கப்புறம் எங்கே போயிற்று என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! புத்தகத்துக்குப் பின்னால் இருந்தது பாஸ்டரின் நெஞ்சு. "அதுக்குள்ள குண்டு டயர்டு ஆகி, சட்டப் பாக்கெட்டுக்குள்ளயே வுழுந்துட்ச்சி" என்று முன்வரிசை மணியம்மாள் ஒருதரம் விளக்கம் சொன்னாள். அதோடு அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.

அது குண்டு அல்ல, கால் இன்ச் டிரில் பிட்டு என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் பென்னி. அந்த டிரில்லைச் சுற்றியவனும் அவன்தான்.

அருணாச்சலம் இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவர். வண்டி ரிப்பேர் பார்க்கிற பிரிவு. ஹவில்தாராக ரிட்டையர் ஆகி வந்து, பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் ஏழு குடும்பங்களை வைத்து ஜெப வீடு ஆரம்பித்தார். ஏழு குடும்பமும் அன்றைக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள். சிப்காட் வளர வளர அவர்கள் கம்பெனிக்குப் போனார்கள், சபையும் கொட்டகையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸுக்கும், ஆஸ்பெஸ்டாஸிலிருந்து கான்கிரீட்டுக்கும் ஏறியது. ஞானஸ்நானம் எடுத்தபோது பேரை மாற்றச் சொன்னார்களாம். "மாத்துனா பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு மூணு காப்பி எழுதிப் போடணும். ஆண்டவருக்கு என்ன அருணாச்சலம்னே தெரியும்" என்று முடித்துவிட்டார்.

சபையையும் அவர் பட்டாளம் போலத்தான் நடத்தினார். கம்பெனி ஷிப்டுக்குத் தகுந்தபடி ஞாயிறு ஆராதனை மூன்று வேளை. விசில் ஊதினால் பாட்டு, இன்னொரு விசில் ஊதினால் ஜெபம். பிரசங்கம் இருபது நிமிடம். இருபத்தொன்றாவது நிமிடம் மோசேயே மலையிலிருந்து இறங்கி வந்தாலும் நிறுத்திவிடுவார், ஏனென்றால் வாசலில் கம்பெனி பஸ் நிற்கும். வீடு சந்திக்கப் போகும்போது ஒரு கையில் வேதம், இன்னொரு கையில் ஸ்பேனர் பை. முதலில் ஓடாத மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். தலையைக் குனிந்து திருப்புளியைத் திருகிக்கொண்டிருக்கிற மனுஷனிடம், முகத்துக்கு நேரே சொல்ல முடியாத கஷ்டத்தையெல்லாம் ஜனங்கள் சொல்லிவிடுவார்கள். மிக்ஸி ஓடின பிறகுதான் ஜெபம். போன வருடம் எண்பத்தோராவது வயதில் அவர் இறந்தபோது, சபைக்குச் சம்பந்தமே இல்லாத தெருக்களில்கூட அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

இப்போது முதலாம் வருட நினைவுக் கூட்டம். கமிட்டிச் செயலாளர் அன்புராஜ், லேபர் காண்ட்ராக்டர், எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாத மனுஷன். துளை விழுந்த வேதத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே மஞ்சள் பல்பு போட்டிருந்தான். 'குண்டு தாங்கிய வேதம்' என்று பித்தளையில் எழுத்து வெட்டியாகிவிட்டது. எழுபத்தொன்றில் பாஸ்டரோடு ஒரே பிரிவில் இருந்த பச்சையப்பன் என்பவர் மீஞ்சூரில் இருப்பதைக் கண்டுபிடித்து, நேரில் கண்ட சாட்சி என்று நோட்டீஸிலும் போட்டுவிட்டான். ஜீவிய சரித்திரம் வாசிக்கிற பொறுப்பு பாஸ்டரின் பேத்தி சுகிர்தாவுக்கு. பென்னியின் ஒரே மகள்.

நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து பென்னிக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருடம் மே மாதம் நடந்தது அது. பென்னி பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். அவன் பிறந்த அன்றே அருணாச்சலம் அவனை ஊழியத்துக்கு என்று ஒப்புக்கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் முடிந்ததும் வேதாகமக் கல்லூரி, அப்புறம் அப்பாவுக்குப் பக்கத்தில் பிரசங்க பீடம் என்று ஊருக்கே தெரியும். பென்னிக்கும் அதில் ஆசைதான். கண்ணாடிக்கு முன்னால் நின்று அப்பா மாதிரியே கையை நீட்டிப் பேசிப் பார்த்துக்கொள்வான்.

அந்தச் சமயம் ஜெப வீட்டுக்குப் புது பீடம் செய்துகொண்டிருந்தார்கள். அதன் மேல்பலகையைத் தாங்குவதற்கு இரண்டு பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே மூச்சில் துளை போட வேண்டும். அப்போதுதான் போல்ட் நேராக இறங்கும். "நான் வந்து போட்டுக்கிறேன், தொடாத" என்று சொல்லிவிட்டு அருணாச்சலம் கவரைப்பேட்டைக்கு ஒரு சாவுக்குப் போனார். தொடாதே என்று சொன்ன பிறகு தொடாமல் இருக்கிற பதினைந்து வயதை இனிமேல்தான் ஆண்டவர் படைக்க வேண்டும்.

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அருணாச்சலத்துக்குப் பட்டாளத்தில் படிந்த ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானையும் காக்கித் தாளில் சுற்றிச் சணல் கட்டித்தான் வைப்பார். பாலிஷ் போட்ட இரண்டாவது பலகையும் அப்படித்தான் இருந்தது. அன்று மத்தியானம்தான் ராயபுரத்தில் பைண்டிங் செய்து வந்த அவருடைய பழைய வேதமும், பக்கத்திலேயே, அப்படித்தான் இருந்தது. அரையிருட்டில் பென்னி கையில் அகப்பட்டதை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்தான், காலால் மிதித்துப் பிடித்தான், கையால் சுற்றுகிற டிரில்லில் நீளமான கால் இன்ச் பிட்டை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தான்.

முதலில் தூள் பழுப்பாக வந்தது. பிறகு வெள்ளையாக வந்தது. உள்ளே நல்ல மரம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, பிட்டு சாயாமல் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து மறுபக்கம் வரை இறக்கிவிட்டான்.

தாளைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது வேதம். வேதத்தில் காப்பிக் கறை பட்டாலே அரை நாள் பேசாத வீடு அது. தூளை ஊதிவிட்டு, வேறு காக்கித் தாள் எடுத்துச் சுற்றி, அதே முடிச்சைப் போட்டு, அதே இடத்தில் வைத்தான். அப்புறம் போய்ப் படுத்தான். இரண்டு நாள் காய்ச்சல். அது நிஜமான காய்ச்சல்.

ஞாயிற்றுக்கிழமை அருணாச்சலம் சபைக்கு முன்னால்தான் கட்டைப் பிரித்தார். புது அட்டையை எல்லாரும் பார்க்கட்டும் என்று நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கிழக்கு ஜன்னல் வெயில் துளைக்குள் புகுந்து அவருடைய வெள்ளைச் சட்டையில், சரியாக இடது மார்பில், வட்டமாக விழுந்தது. 'இந்த வேதம் யுத்தத்தில் என் சட்டைப் பையில் இருந்தது' என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். மணியம்மாளுக்கு அது போதாதா?

"ஐயோ, குண்டு! குண்ட தாங்கிக்கினு வந்திருக்குதே, என் ஆண்டவரே!"

ஏழு குடும்பமும் முழங்காலில் விழுந்தது. அருணாச்சலம் துளையைப் பார்த்தார். சட்டையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில், தேள் கொட்டிய திருடன் போல உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி ஆராதனையை முடித்தார்.

அன்று ராத்திரி அடி விழும் என்று பென்னி இரண்டு டவுசர் போட்டுக்கொண்டு காத்திருந்தான். அடி விழவில்லை. கேள்விகூட வரவில்லை. மறு வாரம் அம்பத்தூர் ஐ.டி.ஐ. விண்ணப்பம் வந்தது. "பிட்டர் சேரு" என்றார் அப்பா. அவ்வளவுதான். வேதாகமக் கல்லூரியைப் பற்றி அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு பேச்சும் இல்லை.

வேதத்தில் ஓட்டை போட்ட கை வேதத்தைப் பிடிக்க லாயக்கில்லை. அப்பா என்னைத் தள்ளிவிட்டார். பென்னி அப்படித்தான் புரிந்துகொண்டான். முப்பத்தேழு வருடம் அதைச் சுமந்தான். சபையில் கடைசி வரிசைக்கும் பின்னால் மைக் செட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டான். ஃபேன் ஓடவில்லையா, பென்னி. குழாய் ஒழுகுகிறதா, பென்னி. பீடத்தில் மட்டும் ஒரு நாளும் ஏறவில்லை. அப்பாவும் ஏறச் சொல்லவில்லை.

அருணாச்சலம் பொய் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. "நான் யாரையும் சுடல, என்னையும் யாரும் சுடல. நான் ஸ்பேனர் புடிச்சவன்" என்பார். "அது குண்டு இல்லம்மா" என்று மணியம்மாளிடமே நூறு தடவை சொல்லியிருப்பார். "பின்ன இன்னாது ஐயா?" என்று கேட்டால், "அத்த வுடு" என்று பேச்சை மாற்றிவிடுவார். எவ்வளவு தாழ்மை பார் என்று ஜனங்கள் உருகிப் போவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உருகுகிற வாயை மூட உலைமூடி என்ன, பாறாங்கல் வைத்தாலும் ஆகாது.

நினைவுக் கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். சுகிர்தா ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளந்து பார்க்காமல் அவள் அம்மாவின் இட்லியைக்கூட நம்ப மாட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று வேதத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். பென்னி ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைந்தபோது மேஜைமேல் வேதமும் அதன் பக்கத்தில் துளை அளக்கிற வெர்னியரும் இருந்தன.

"அப்பா, உக்காரு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"மொதல்ல டீ குடிச்சிக்கிறேன்."

"டீ அப்புறம். யுத்தத்துல சுட்ட குண்டு எப்டியும் ஏழரை மில்லிக்கு மேல இருக்கும். இது ஆறு புள்ளி மூணு அஞ்சு, சரியா கால் இன்ச்சு. அட்டைல வச்சி மூணு வாட்டி அளந்தேன்."

"பழைய அட்ட. சுருங்கியிருக்கும்."

"பழைய அட்டயா? இங்க பாரு." அவள் முன்னட்டையைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினாள். பைண்டிங் கடையின் சின்ன லேபிள் ஒட்டியிருந்தது. மே, எண்பத்தெட்டு. துளை அந்த லேபிளின் நடு வயிற்றைக் குத்திக்கொண்டு போயிருந்தது. "எழுபத்தொண்ணுல பாஞ்ச குண்டு எண்பத்தெட்டுல ஒட்டுன லேபிள எப்டிப்பா ஓட்ட போடும்? இது டிரில்லு. உனக்கே தெரியும், நீ பிட்டரு. பாத்தா தெரியல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இருந்தவனிடம் பூசணிக்காயையே கையில் கொடுத்து, இது என்ன காய் என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? பென்னி சட்டைப் பட்டனைத் தடவினான்.

"அப்ப இத்த போட்டது யாரு?" சுகிர்தாவின் குரல் இறங்கியது. "அப்போ தாத்தாகிட்டதான் இந்த பைபிள் இருந்திச்சி. வேற யாரும் தொட மாட்டாங்க. தாத்தாவே டிரில் பண்ணிக்கினாரா?"

"சீ! இன்னா பேச்சு பேசற?"

"பின்ன ஏன் வாய தொறக்கல? குண்டு இல்லன்னு மட்டும் சொன்னாரு. இன்னான்னு ஏன் சொல்லல? ஓட்டைய பாத்தாலே பிட்டு சைஸ் சொல்ற மெக்கானிக்குப்பா அவரு. அவருக்கு தெரியாதா? இல்ல இல்லன்னு சொல்லிக்கினே ஜனங்கள நம்ப வச்சிருக்காரு. எங்க தாத்தா பொய்யே சொல்ல மாட்டாருன்னு கம்பெனில எத்தினி பேருகிட்ட சண்ட போட்டிருக்கேன் தெரியுமா?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் வாசிக்க மாட்டேன். நாளைக்கி மைக்லயே சொல்லிடுறேன்."

நான்தான் என்று சொல்ல பென்னி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி மோனிகா உள்ளேயிருந்து, "என்னங்க, டேங்க்கு ரொம்பி வழியுது!" என்று கத்தினாள். பென்னி மோட்டாரை நிறுத்த ஓடினான். நிறுத்தின பிறகும் மொட்டை மாடியிலேயே நின்றுகொண்டான். கீழே இறங்கி வந்தபோது மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினான், கை பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டரை டன் பம்புக்கு அடியில் தைரியமாகப் படுக்கிற மனுஷன், ஒரு பிளைவுட் கதவைத் தட்டப் பயந்து திரும்பிப் போனான்.

மறுநாள் ஜெப வீட்டில் நிற்க இடமில்லை. மூன்று ஷிப்டும் ஒன்றாக வந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு எரிந்தது. மீஞ்சூர் பச்சையப்பன் வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, தலையில் பட்டாளத் தொப்பி, கோட்டில் வரிசையாக மெடல். எண்பது வயதிலும் முதுகு வளையவில்லை. பெட்டியைப் பார்த்தார், பித்தளை எழுத்தைப் படித்தார், மீசைக்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்தது. அன்புராஜ் மைக்கைப் பிடித்தான். "இப்ப நம்ம ஐயாவோட ஜீவிய சரித்திரத்த அவுங்க பேத்தி சகோதரி சுகிர்தா வாசிப்பாங்க. குண்டு பாஞ்ச அந்த பயங்கரமான நாள பத்தியும் சொல்லுவாங்க. அல்லேலூயா!"

சுகிர்தா ஏறினாள். கையில் காகிதம் இல்லை. பென்னி மைக் செட்டுப் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டான்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்றாள். "எங்க தாத்தாவ பத்தி நான் எழுதிக்கினு வந்தத என்னால வாசிக்க முடியல. ஏன்னா அந்த ஓட்ட..."

மைக் செத்துப்போனது. பென்னி வொயரைப் பிடுங்கியிருந்தான்.

யோசித்துச் செய்ததில்லை, கை செய்துவிட்டது. சபையே திரும்பி அவனைப் பார்த்தது. இனிமேல் ஸ்டூலில் உட்காரவும் முடியாது. பென்னி நடந்தான். இருபத்தைந்து வயதில் தன் கல்யாணத்துக்கு இந்த நடைபாதையில் நடந்தபோதுகூட இவ்வளவு தூரம் இருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. பீடத்தின் மூன்று படியும் ஏறி மகளுக்குப் பக்கத்தில் நின்றான். மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்டது அவன் குரல். அப்பாவின் குரல் அது, அவனுக்கே தெரியாமல் இத்தனை நாள் உள்ளே கிடந்திருக்கிறது.

"அந்த ஓட்டைய நான் போட்டேன்."

ஒரு ஃபேன் கடகடத்தது.

"எண்பத்தெட்டுல போட்டேன். கை டிரில்லு, கால் இன்ச் பிட்டு. பலகன்னு நெனச்சிக்கினு தெரியாமதான் போட்டேன். ஆனா தெரிஞ்சிக்கினே மறைச்சேன். நீங்க குண்டுன்னீங்க, நான் தப்பிச்சோம்டான்னு இருந்துட்டேன். எங்க நைனா ஒரு நாளும் பொய் சொல்லல. அவரு குண்டு இல்லன்னுதான் சொன்னாரு. பொய் என்னுது." அவன் சுகிர்தாவைப் பார்த்தான். "உங்க தாத்தா உத்தமருமா. உங்கப்பன்தான் திருடன்."

முதலில் எழுந்தது மணியம்மாள்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "அப்போ முப்பத்தேழு வருஷமா ஞாயித்துக்கெழம தவறாம நான் முத்தம் குடுத்தது டிரில்லு ஓட்டைக்கா?"

"ஆமா, பெரிம்மா."

"அடப் பாவி!" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

அன்புராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. பல்பு, பித்தளை, நோட்டீஸ் எல்லாம் கண்முன்னால் வந்து போயிருக்கும். கடைசி நம்பிக்கையாக முன்வரிசைக்கு ஓடினான். "பென்னி பிரதர் துக்கத்துல இன்னான்னாவோ பேசறாரு. நேர்ல பாத்த சாட்சி நம்மகிட்ட இருக்காரு! ஐயா, அந்த யுத்தத்துல எங்க பாஸ்டர் நெஞ்சுல குண்டு பாஞ்சத நீங்க பாத்தீங்கள்ல? நீங்களே சொல்லுங்க!"

பச்சையப்பன் நிதானமாக எழுந்து சபைப் பக்கம் திரும்பினார்.

"குண்டா? அந்த யுத்தத்துல எங்க ரெண்டு பேரையும் கடிச்சது கொசு மட்டுந்தான்."

இந்த முறை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. பச்சையப்பன் கையைத் தூக்கி அமர்த்தினார். பிறகு பீடத்தில் நின்றவனை உற்றுப் பார்த்தார். "பென்னின்றது நீதானா? உன்ன பாக்கணும்னுதான்யா நான் இவ்ளோ தூரம் வந்தேன்."

பென்னிக்கு ஒன்றும் புரியவில்லை.

"எண்பத்தெட்டு. மே மாசம். அருணாச்சலம் ரயில் ஏறி மீஞ்சூருக்கு எங்க ஊட்டுக்கு வந்தான். காக்கி பேப்பர்ல சுத்தி இந்த புக்க எடுத்துக்கினு வந்தான். இத்த பாரு பச்சைன்னான். பாத்தேன். வெளிச்சத்துல தூக்கிப் புடின்னான். புடிச்சேன். கம்பி வுட்டு பாருன்னான். வுட்டேன். மட்டம் வச்சி முன்னாடி அட்டைல ஓரத்துலேந்து எவ்ளோன்னு அளந்தோம், பின்னாடி அட்டைலயும் அளந்தோம். ஒரு நூல் சாயல! பேப்பருய்யா அது, வழுக்கிக்கினு ஓடும். கையால சுத்துற டிரில்லு. இருபது வருஷ சர்வீஸ்ல அந்த மாதிரி ஒரு ஓட்ட நான் போட்டதில்ல, அவனும் போட்டதில்ல. யாருடா போட்டதுன்னேன். எம் புள்ளன்னான். அப்பிடி ஒரு சிரிப்பு அவன் மூஞ்சில நான் பாத்ததே இல்ல. பெரிய மெடலு குடுத்த அன்னிக்கிகூட பாத்ததில்ல."

பென்னி பீடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஊழியத்துக்கு ஒப்புக் குடுத்த புள்ளயாச்சேடான்னேன். அதுக்கு இன்னா சொன்னான் தெரியுமா? கோவிச்சிக்காதீங்க, பாஸ்டருங்க யாராச்சும் இருந்தா. 'பச்சை, பேசறதுக்கு ஆளு எங்கயும் கெடைப்பான். இந்த கை எங்க கெடைக்கும்? ஆண்டவரு எங்கூட போட்ட ஒப்பந்தத்த அவரே திருத்திட்டாரு'ன்னான். ஐ.டி.ஐ. அப்ளிகேஷன வாங்கியாந்து குடுத்ததே நான்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" பென்னி கேட்டான். கேட்டது அழுகையா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. "ஒரு வார்த்த! முப்பத்தேழு வருஷம் ஐயா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல அவருக்கு இன்னா?"

பச்சையப்பன் தொப்பியைக் கழற்றினார்.

"நானும் அத்தத்தான் கேட்டேன். 'அவனே வந்து சொல்லட்டும், அன்னிக்கி நானும் சொல்றேன். அவன் சொல்ல வேண்டியத நான் முந்திக்கினு ஊருக்கு சொன்னா அது நாயமா?'ன்னான். வருஷா வருஷம் பென்ஷன் ஆபீஸ்ல பாப்போம். பையன் வந்தானாடான்னு கேப்பேன். 'இன்னும் வரல, பச்சை. வருவான்' அப்டிம்பான். போன வருஷத்துக்கு முந்துன வருஷங்கூட கேட்டேன். 'வருவான்'னுதான் சொன்னான்."

பென்னி அழுதான். ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை முந்நூறு பேருக்கு முன்னால், அப்பாவின் பீடத்தில் நின்றுகொண்டு, மூக்கு ஒழுக அழுதான். தான் தள்ளிவிடப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஒரு மனுஷன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவனுக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது, தன்மேல் வெட்கமாக வந்தது, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நூல்கூடச் சாயவில்லை என்ற பெருமையும் வெட்கமில்லாமல் வந்தது.

அன்புராஜ் நல்லவன்தான். மெதுவாகப் போய்க் கண்ணாடிப் பெட்டியின் பல்பை அணைத்துவிட்டு, பித்தளை எழுத்துக்கு முன்னால் மறைத்தாற்போல் நின்றுகொண்டான்.

யாரோ ஓடிப் போய் மைக் வொயரை மாட்டினார்கள். சுகிர்தா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த காகிதத்தை எடுத்தாள். கிழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள். பேனாவால் நடுவில் குண்டைப் பற்றிய பத்தியை அடித்தாள், ஓரத்தில் என்னவோ எழுதினாள். பென்னி இறங்கப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வாசித்தாள்.

பிறந்த ஊர், பட்டாளம், கீற்றுக் கொட்டகை, ஏழு குடும்பம், ஓடாத மிக்ஸிகள் என்று போயிற்று. பின்வரிசையில் சில பேர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். கடைசியில் பிள்ளைகள் விவரத்துக்கு வந்தபோது அவள் ஒரு தடவை நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒரே மகன். பேர் பென்னி. அவரை ஐயா ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார். அவர் பிட்டராக இருக்கிறார்."

ஆமென் என்று சபை சொன்னது.